கம்பெனி லேப்டாப்: எதற்குக் காசு, எதில் நட்டம்?

கம்பெனிகளுக்கென்று செய்யப்படும் லேப்டாப்பை எடைபோடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அதை வாங்குகிறவர் வேறு, அதில் வேலை பார்க்கிறவர் வேறு. லெனோவாவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்.பி.யின் எலைட்புக் என்று எதை எடுத்தாலும் இதுதான் கதை. காசு கொடுப்பது பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஏதோ ஒரு ஐ.டி. நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு. அவர்களுக்கு ஆயிரம் மெஷின் வேண்டும். எல்லாம் ஒரே அச்சில் இருக்க வேண்டும். மூன்று வருடம் தொந்தரவில்லாமல் ஓட வேண்டும். கெட்டுப்போனால் மறுநாளே ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போக வேண்டும். படம் பளிச்சென்று தெரிகிறதா, பாட்டு காதுக்கு இதமாக இருக்கிறதா என்பதெல்லாம் அவர்கள் கேட்கும் கேள்விகளே இல்லை. இந்த மெஷின்களின் நல்லது, கெட்டது இரண்டும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கம்பெனியோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. மூன்று, நான்கு வருடம் ஓடி வாரண்டி தீர்ந்ததும் மெஷின்கள் மொத்தமாகக் கைமாறுகின்றன. வெளிநாட்டில் கழித்துவிட்ட லாட்டும் இவற்றோடு வந்து சேர்ந்துகொள்கிறது. துடைத்து, கம்பெனி ஸ்டிக்கரைக் கிழித்து, விண்டோஸ் ஏற்றி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருக் கடைகளில் அடுக்கிவிடுகிறார்கள். கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு லேப்டாப் தேடும் அப்பாவுக்கு இப்போது இரண்டு வழி. ஷோரூமில் 40,000 ரூபாய் பக்கத்தில் பளபளவென்று ஒரு புது பிளாஸ்டிக் லேப்டாப். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 20,000 ரூபாய்ச் சொச்சத்தில், புதிதாக இருந்தபோது அதைப்போல் மூன்று நான்கு மடங்கு விலைக்குப் போன கறுப்புப் பெட்டி. "கம்பெனி பீஸ் சார், கல்லு மாதிரி இருக்கும்" என்பார் கடைக்காரர்.

அந்தக் கறுப்புப் பெட்டியின் பூர்வீகம் 1992. அந்த வருடம் அக்டோபரில் ஐ.பி.எம். திங்க்பேட் 700சி மாடலை வெளியிட்டது. வெளி உருவம் கொடுத்தவர் ரிச்சர்ட் சாப்பர். உள்வேலை ஜப்பானின் யமாட்டோ ஆய்வகத்தில், அரிமாசா நைட்டோவின் தலைமையில் நடந்தது. கீபோர்டின் நடுவில், திரையில் அம்புக்குறியை நகர்த்த இருக்கும் சிவப்பு மொட்டு அப்போதே வந்துவிட்டது. 2005-ல் ஐ.பி.எம். தன் பி.சி. தொழிலை லெனோவாவிடம் விற்றுவிட்டது. டெல்லின் லாட்டிட்யூட் 1994-ல் வந்தது, எச்.பி.யின் எலைட்புக் 2008-ல். 2025 தொடக்கத்தில் லாட்டிட்யூட் என்ற பெயரையே கைவிட்டு 'டெல் ப்ரோ' என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் செகண்ட்ஹேண்ட் கடைகளில் இன்னும் பல வருடத்துக்கு லாட்டிட்யூட்தான் பேச்சு.

சரி, கல்லா இல்லையா? கடைக்காரரின் அடுத்த வார்த்தை பெரும்பாலும் "மிலிட்டரி கிரேடு" என்பதாக இருக்கும். அவர் சொல்வது மில்-எஸ்.டி.டி.-810 என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தரத்தை. முதல் பதிப்பு 1962-ல் வந்தது. 810எச் பதிப்பு 2019-ல். சூடு, குளிர், ஈரம், தூசு, அதிர்வு, விழுதல் என்று ஒரு கருவியை எப்படியெல்லாம் சோதிக்கலாம் என்பதற்கான வழிமுறைத் தொகுப்பு அது. எந்தச் சோதனை வேண்டும், எவ்வளவு கடுமையாக வேண்டும் என்பதைக் கருவிக்குத் தக்கபடி அமைத்துக்கொள்ளுங்கள் என்று அதுவே சொல்கிறது. ராணுவம் யாருக்கும் முத்திரை குத்தித் தருவதில்லை. தயாரிப்பாளர் தானே சோதித்தோ, வெளி ஆய்வகத்தில் சோதிக்கவைத்தோ பெட்டிமேல் அச்சடித்துக்கொள்ளலாம்.

கீழே போட்டுப் பார்க்கும் சோதனையையே எடுத்துக்கொள்வோம். 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை. 6 பக்கம், 12 விளிம்பு, 8 முனை, எல்லாவற்றிலும் ஒவ்வொரு அடி. கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்த 26 அடியை ஐந்து மெஷின்கள்வரை பங்குபோட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விதியிலேயே இடம் உண்டு. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. நிஜமாகவே கீழே விழுவதற்கென்று செய்த லேப்டாப் வேறு ரகம். பானாசோனிக் 1996-லிருந்து செய்துவரும் டஃப்புக் அப்படிப்பட்டது. கனமானது, விலையும் அதற்கேற்றபடி. நமக்கு அது வேண்டியதில்லை.

அதற்காக மிலிட்டரி கதை முழுக்கப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. இந்த வகை மெஷின்களில் உள்ளே மெக்னீசியம் கலவைச் சட்டம் இருக்கும், மூடியை உடம்போடு இணைக்கும் கீலான ஹிஞ்ச் தடித்த உலோகத்தில் இருக்கும், அதன் திருகு உலோகத்திலேயே இறங்கியிருக்கும். விலை குறைந்த வீட்டு லேப்டாப்பில் பல சமயம் ஹிஞ்சின் திருகு பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குமிழில்தான் நிற்கிறது. இரண்டு வருடம் மூடித் திறந்ததும் அந்தப் பிளாஸ்டிக் பிய்ந்து, மூடியின் ஓரம் வாயைப் பிளக்கும். ரிச்சி ஸ்ட்ரீட் சர்வீஸ் கடைகளுக்குப் பசையும் ரிவிட்டும் வைத்து ஒட்டும் வேலை தீராமல் வருவது இதனால்தான். கம்பெனி பீஸில் இந்த நோய் குறைவு. பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் பையில் வைத்து இடிபடுகிறவருக்கு இது ஒன்றே பெரிய லாபம்.

ஆனால் சென்னையில் லேப்டாப்புக்கு விழுவதைவிடப் பெரிய பகை வெயில். இதை எந்த விளம்பரமும் பேசுவதில்லை. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மூன்றின் கையேட்டையும் புரட்டினால், இயங்குவதற்கான வெப்பநிலை உச்சம் என்று பெரும்பாலும் ஒரே எண்தான் போட்டிருக்கும்: 35 டிகிரி செல்சியஸ். ராணுவச் சோதனை பற்றிய பக்கத்தில் வேறு எண்கள் இருக்கும், அது வேறு விஷயம். கத்திரி வெயிலில், ஏ.சி. இல்லாத மாடி அறையில், மத்தியானம் இரண்டு மணிக்கு 35 டிகிரியை நாம் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடுகிறோம். அலுவலக ஏ.சி.யை மனதில் வைத்துச் செய்த மெஷின் வியாசர்பாடி மொட்டைமாடி அறைக்கு வரும்போது அதன் ஃபேன் ஓயாமல் சுற்றுகிறது. அப்புறம் வேகம் தானாகக் குறைகிறது. பழைய மெஷினில் சூட்டைக் கடத்துவதற்காகப் பிராசஸர்மேல் பூசிய பேஸ்ட்டும் காய்ந்திருக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கில் தூசு பஞ்சுபோல அடைத்திருக்கும். வாங்கிய வாரமே ஒருமுறை திறந்து சுத்தம் பண்ணி, புதுப் பேஸ்ட் போடச் சொல்வது நல்லது. மெத்தைமேல் வைத்து வேலை பார்க்கும் பழக்கம் இருந்தால் எவ்வளவு நல்ல மெஷினும் தாங்காது.

வெயிலில் முதலில் போவது பேட்டரி. லித்தியம்-அயான் பேட்டரிக்குச் சூடும் ஆகாது, எந்நேரமும் 100 சதவீதத்தில் கிடப்பதும் ஆகாது. கம்பெனி மேஜையில் மூன்று வருடம் நாள் முழுக்கச் சார்ஜரில் செருகியே கிடந்த மெஷினில் இரண்டும் சேர்ந்து நடந்திருக்கும். இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கட்டும் என்று சொல்லும் வசதி இந்த வரிசைகளில் பல வருடமாக இருக்கிறது, டெல்லிலும் எச்.பி.யிலும் பயாஸுக்குள்ளேயே (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை), திங்க்பேடில் லெனோவா வான்டேஜ் செயலியில். வாங்கியதும் அதை வைத்துவிட வேண்டும். கடையிலேயே ஒன்று கவனிக்கலாம்: டச்பேட் லேசாக மேலெழும்பி, அழுத்தினால் கிளிக் ஆகாமல் மல்லுக்கட்டினால் அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அந்தப் பீஸ் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கடற்கரைக் காற்று இன்னொன்று. பெசன்ட் நகர், கொட்டிவாக்கம், ராயபுரம் என்று கடலை ஒட்டி இருக்கிறவர்களுக்கு ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் வேகம் தெரியும். அதே உப்பும் ஈரமும் யு.எஸ்.பி. துளைக்குள்ளும் போகும். உலோக உடம்பு உள்ள எலைட்புக், லாட்டிட்யூட் 7000 வரிசையை எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜ் போட்டபடி தொட்டால் உள்ளங்கையில் சுரசுரவென்று ஒரு மெல்லிய கூச்சம் தெரியும். மெஷின் கோளாறு என்று பயந்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சுவர் பிளக்கின் மூன்றாவது துளையை. அடாப்டருக்கு இரண்டு முள் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் அதைக் கழற்றி எறியுங்கள்.

இனி இந்த மெஷின்களின் உண்மையான பலத்துக்கு வருவோம். கெடாது என்பது அந்தப் பலம் இல்லை. கெட்டால் சுலபமாகச் சரிசெய்யலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட் மாடிப்படிகளில் ஏறினால் ஒரு ஆள் உட்கார இடமுள்ள சர்வீஸ் கடைகள் நிறைய. அங்கே ஒரு திங்க்பேட் டி480 திறக்கப்படுவதைப் பார்க்க வேண்டும். 2018-ல் வந்த மாடல். முதலில் பயாஸுக்குள் போய் உள் பேட்டரியை அணைக்கிறார்கள். பின்பக்கப் பேட்டரி தாழ்ப்பாளைத் தள்ளியதும் கையோடு வந்துவிடுகிறது. அடியில் ஆறு திருகு. தளர்த்தினாலும் அவை வெளியே விழுவதில்லை, மூடியிலேயே தங்கிக்கொள்கின்றன. மேஜைக்கு அடியில் குனிந்து தேட வேண்டாம். பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஓரமாக ஓட்டினால் மூடி கழன்றுவிடும். உள்ளே ரேமுக்கு இரண்டு இடம், எஸ்.எஸ்.டி. தனி, ஃபேன் தனி, வைஃபை அட்டை தனி. "எதையும் ஒட்டி வைக்கல சார், எல்லாத்தையும் கழட்டிடலாம்" என்பார் ஸ்க்ரூடிரைவர் பிடித்திருக்கும் தம்பி. ரேம் ஏற்றி, தூசு ஊதி, மூடி அரை மணிநேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்.

இது தற்செயல் இல்லை. ஆயிரம் மெஷின் வாங்கும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு பழுதும் நேரச் செலவு. அதனால் திறப்பதற்கு லகுவாகச் செய்கிறார்கள், திறக்கும் முறையை எழுதியும் வைக்கிறார்கள். மூன்று நிறுவனங்களும் சர்வீஸ் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. எந்தத் திருகு எங்கே, எந்தப் பாகத்துக்கு என்ன எண் என்பதெல்லாம் படத்தோடு இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு, சென்னைக்காரருக்கு அதுதான் முக்கியம். ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் விற்றிருப்பதால், மதர்போர்டு செத்த மெஷின்களும் நிறையக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து கழற்றிய கீபோர்டு, ஹிஞ்ச், ஸ்கிரீன், ஃபேன் எல்லாம் அதே தெருவில் கிடைக்கும். ஷோரூமில் வாங்கிய வீட்டு லேப்டாப்புக்கு மூன்றாவது வருடம் கீபோர்டு தேடிப் பாருங்கள். "ஆர்டர் போடணும் சார், பத்து நாள் ஆகும்" என்ற பதில்தான் வரும்.

கீபோர்டு பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்99 தட்டச்சு முறையில் நாள் முழுக்கத் தட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். டி480 காலத்துத் திங்க்பேடில் விசை 1.8 மில்லிமீட்டர் கீழே இறங்கும். புதிய டி வரிசையில் அதை 1.5 ஆகக் குறைத்துவிட்டார்கள். அப்படியும் சந்தையில் இருக்கும் பலவற்றைவிட மேல். பல மாடல்களில் கீபோர்டுக்கு அடியில் வடிகாலும் உண்டு: மேலே தண்ணீர் கொட்டினால் அது வழிந்து அடித்துளை வழியாக வெளியேறும். தண்ணீருக்கு இது உதவும். ஃபில்டர் காபியில் பாலும் சர்க்கரையும் இருக்கிறதே, அது பிசுபிசுவென்று உள்ளேயே தங்கிவிடும். கொட்டியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட வேண்டும். உடனே கவிழ்த்துக் குலுக்காதீர்கள். வடிகாலுக்குப் போக வேண்டியது போர்டுக்குப் போய்விடும்.

இவ்வளவு நல்லதுக்கும் விலை இருக்கிறது. முதல் விலை ஸ்கிரீன். கம்பெனிகள் மொத்தமாக வாங்கும்போது தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கடைசிப்படி ஸ்கிரீனைத்தான். 250 நிட்ஸ் வெளிச்சம், சோகை பிடித்த நிறம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும். பழைய லாட்டுகளில் 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட, டி.என். என்ற மலிவு வகை ஸ்கிரீன்கூட வரும், கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும். ஃபோட்டோ எடிட்டிங், திருமண ஆல்பம் வேலை செய்கிறவர்கள் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எச்.பி.யின் பிரைவசி ஸ்கிரீன் வந்த பீஸ் கிடைத்தால் இன்னும் யோசியுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாது என்பது விமானப் பயணிக்கு வரம், வீட்டில் நாலு பேர் சேர்ந்து படம் பார்க்கும்போது சாபம்.

ஸ்பீக்கர் சுமார்தான். கேமராவும் 2021 வரைக்கும் வந்த பெரும்பாலான மாடல்களில் 720பிதான். கனத்திலும் தடிமனிலும் புதிய வீட்டு லேப்டாப்புகள் முந்திவிட்டன. கிராஃபிக்ஸ் சொல்லவே வேண்டாம், கேம் ஆடும் பையனுக்கு இதை வாங்கிக் கொடுத்தால் வீட்டில் சண்டைதான்.

அப்புறம், 'கம்பெனி பீஸ்' என்ற பெயர் மொத்தத்துக்கும் பொருந்தாது. திங்க்பேடில் உயர்ந்த டி வரிசை வேறு, மலிவான இ வரிசை வேறு. லாட்டிட்யூடில் 3000 வரிசைக்கும் 5000, 7000 வரிசைகளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எச்.பி.யில் எலைட்புக் 800 வரிசை ஒரு ரகம், ப்ரோபுக் இன்னொரு ரகம். விலை கூடினால் எல்லாம் நல்லது என்றும் நினைக்கக் கூடாது. மெலிதாக்க வேண்டுமென்று சிலவற்றில் ரேமை போர்டிலேயே சாலிடர் செய்துவிட்டார்கள். லாட்டிட்யூட் 7420 அப்படி. வாங்கும்போது 8 ஜி.பி. என்றால் ஆயுளுக்கும் 8 ஜி.பி.தான். அதன் தம்பி 5420-ல் இரண்டு இடம் இருக்கிறது, எலைட்புக் 840 ஜி5-லும் இரண்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குகிறவருக்கு, அழகாக இருக்கும் அண்ணனைவிடத் தடித்த தம்பியே மேல் என்பது என் கட்சி.

லெனோவாவும் இந்த மெலிவு ஆசையில் சறுக்கியதுதான். 2019-ல் வந்த டி490-ல் கழற்றும் பேட்டரி போய்விட்டது, ரேமில் பாதி ஒட்டிக்கொண்டது. டி480 இன்றும் தேடி வாங்கப்படுவதற்கு அது ஒரு காரணம். அதற்கும் குறை இல்லாமல் இல்லை. யு.எஸ்.பி.-சி துளையைக் கவனிக்கும் தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பழையதாக இருந்தால், ஒருநாள் யு.எஸ்.பி.-சி வழியாகச் சார்ஜ் ஏறுவதே நின்றுபோகலாம். வாங்கியதும் அந்த அப்டேட்டைப் போட வேண்டும். 2024-ல் வந்த டி14 ஐந்தாம் தலைமுறையில் ரேமுக்கு மறுபடியும் இரண்டு இடம் கொடுத்திருக்கிறார்கள். அவை நம் தெருவுக்கு வந்து சேர இன்னும் கொஞ்சம் காலம் ஆகும்.

விண்டோஸ் விஷயத்தில் ஒரு கோடு தெளிவாக விழுந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது, ஒன்றிரண்டு விலக்கு போக, இன்டெல் எட்டாம் தலைமுறைப் பிராசஸரும் அதற்கு மேலும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களை கம்பெனிகள் கழித்துவிட, அவை மலிவாக வந்து குவிகின்றன. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. இன்று ஓடும், நாளைய அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை. லினக்ஸ் தெரிந்தவர் தைரியமாக வாங்கலாம், மற்றவர்கள் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். ஏழிலிருந்து எட்டுக்குப் போகும்போது மெல்லிய லேப்டாப்புகளின் ஐ5 பிராசஸர் இரண்டு கோரிலிருந்து நான்கு கோராக மாறியது, அதனால் வேகத்திலும் அதுதான் எல்லைக்கோடு.

கடைசியாக, கம்பெனி மெஷினுக்கே உரிய ஒரு வில்லங்கம்: பூட்டு. வெளியே பார்த்தால் தெரியாது. சில மெஷின்கள் பழைய கம்பெனியின் பெயரில் மைக்ரோசாஃப்டிடம் பதிவாகியிருக்கும். கடையில் நன்றாக ஓடும். என்றைக்காவது விண்டோஸை ரீசெட் செய்து இன்டர்நெட் கொடுத்தால், அந்தக் கம்பெனியின் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் கேட்டு நின்றுவிடும். பயாஸ் பாஸ்வேர்டு அதைவிட மோசம். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்துவிட்டால் போர்டையே மாற்று என்பதுதான் லெனோவாவின் பதில்; உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டும் வித்தை அங்கே பலிக்காது. ஆகவே கடையிலேயே, பணம் கொடுக்கும் முன், போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பயாஸுக்குள் போய் எதையாவது மாற்றிச் சேமித்துப் பாருங்கள். அங்கே அப்சல்யூட் என்று ஒரு திருட்டுத் தடுப்பு வசதி இருக்கும்; அது 'ஆக்டிவேட்டட்' என்று காட்டினால் வேறு பீஸ் கேளுங்கள். சீரியல் எண்ணை, டெல்லாக இருந்தால் சர்வீஸ் டேகை, நிறுவனத்தின் தளத்தில் போட்டால் வாரண்டி எப்போது முடிந்தது என்று தெரியும். "ஒரு வருஷம்தான் ஓடியிருக்கு" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகும். ரீசெட் முடிய ஒரு மணிநேரம் ஆகும் என்று கடைக்காரர் முகம் சுளிப்பார். ஆகட்டும், வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த கடையிலும் அதே மாடல் இருக்கும்.